வெட்டா, கிளையா? காட்டோரத் தோட்டங்களில் அரிய பாலூட்டிகளை வகைப்படுத்த எந்த மரபணு முறை ஏற்றது

ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் காட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டம். கடைசி வரிசை மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டினால் காடு. வெட்டி அடுக்கிய மட்டைகளின் மேல் விடிகாலையில் கரும்பச்சையாக எச்சம் கிடக்கிறது. போட்டது எந்தக் குரங்கு? கெராவா, பெரோக்கா, லோத்தோங் செனெக்காவா? கெரா என்றால் தோட்டத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. 2022இல் அதுவும் அருகிவரும் இனமாகப் பட்டியலில் ஏறிவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. செனெக்கா என்றால் விஷயம் வேறு. தீபகற்பத்தின் தென்கோடியையும் சிங்கப்பூரையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது.

இதை எழுத்தில் தரவேண்டியவர்கள் இன்று பலர். செம்பனைக்கான மலேசியச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயம். அனைத்துலகச் சான்றான ஆர்எஸ்பிஓ வாங்கும் தோட்டம், அரிய விலங்கு நடமாடும் இடங்களை அடையாளம் காட்டியாகவேண்டும். தோட்ட நிர்வாகம், நகரத்து இயற்கைக் கழகம், கல்லூரி மாணவர்கள், யார் ஆய்வுக்கூடத்தை அணுகினாலும் நான்கு வகைச் சேவைக்கு விலைப்பட்டியல் வரும். மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்குள் சக்தி தரும் உறுப்பு, அதற்குத் தனி டிஎன்ஏ உண்டு) குட்டைத் துண்டு, மைக்ரோசாட்டிலைட், ராட் வரிசை, முழு மரபணுத்தொகை. ஒவ்வொன்றும் என்ன என்பது கீழே வரும். விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த விலங்கு என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் குட்டைத் துண்டே போதும். மற்றவற்றுக்குச் செலவிடுவது வீண். தனி இனமா, துணையினமா என்று கேட்டால் குட்டைத் துண்டும் மைக்ரோசாட்டிலைட்டும் தனியாக நின்று பதில் சொல்லக்கூடாது. அந்தக் கேள்விக்கு முழுத் தொகையை வாசிக்கும் முறைதான் வேண்டும், குறைந்த அளவில் வாசித்தாலும் சரி.

காரணம் நம் தோட்டங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஒரு விலங்குக் கூட்டம் பல லட்சம் ஆண்டுகளில் தானாக இரண்டு கிளையாகப் பிரிவது ஒன்று. ரப்பருக்காகவும் பிறகு செம்பனைக்காகவும் காட்டை அழித்து, ஒரே கூட்டத்தை நாம் இரண்டாக வெட்டியது இன்னொன்று. கிளையென்றால் இரண்டையும் தனித்தனியே காக்கவேண்டும். வெட்டென்றால் இரண்டையும் மறுபடி சேர்த்துவைக்க வழி தேடவேண்டும். இரண்டுக்கும் மருந்து நேர்மாறு. வெட்டைக் கிளையாகக் காட்டிவிடும் முறை எது, காட்டாத முறை எது என்பதே இந்த ஒப்பீட்டில் பார்க்கவேண்டியது.

கையில் இருக்கும் மாதிரி

முறையைப் பேசுவதற்கு முன் மாதிரியைப் பேசவேண்டும். நம் பக்கத்துக் காட்டோரத்தில் கிடைப்பது முக்கால்வாசி எச்சம்தான். முள்கம்பியில் சிக்கிய முடி சில நேரம் கிடைக்கும். சாலையில் அடிபட்ட தாப்பிர் போன்றவற்றின் தசை எப்போதாவது கிடைக்கும்.

எச்சத்தில் விலங்கின் சொந்த டிஎன்ஏ இருப்பது மேல்பூச்சில். குடலைக் கடந்து வரும்போது குடல்சுவரின் செல்கள் உரிந்து ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இருப்பது தின்ற இலையும் பாக்டீரியாவும். ஆகவே உடைத்து நடுவில் கிள்ளுவது தவறு. புதிய எச்சத்தின் மேல் பசை தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு இருக்கும். அந்த இடத்தைச் சுத்தமான குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கவேண்டும். ஒரு மாதிரிக்கு 2 முதல் 3 கிராம் போதும். யானை லத்தியிலும் வெளிப்புறச் சளிப்படலத்தைத்தான் சுரண்டவேண்டும். இரவில் மழை பெய்திருந்தால் அந்தப் பூச்சு கழுவிப் போயிருக்கும். வெயில் பட்ட எச்சத்தில் டிஎன்ஏ துண்டுதுண்டாகியிருக்கும். காலை 10 மணிக்குள், நிழலில் கிடக்கும், முந்தைய இரவுக்குரிய எச்சத்தை எடுத்தால்தான் பிறகு செலவிடும் பணத்துக்குப் பலன் உண்டு.

எடுத்ததை 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில், எச்சத்தைப்போல் நான்கு மடங்கு அளவில் போடவேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். நம் வெக்கையில் நாலைந்து வாரம் வைத்தால் டிஎன்ஏ சிதையும். வன்பொருள் கடை ஸ்பிரிட்டில் வேறு பொருள்கள் கலந்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம். எத்தனாலில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு வடித்துவிட்டு, சிலிக்கா ஜெல் மணிகளின் மேல் போட்டு மூடிவைக்கும் இரண்டடுக்கு முறை குளிர்பெட்டி இல்லாத இடத்துக்கு இன்னும் நல்லது. மணிகளின் நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், உடனே மாற்றவேண்டும். குப்பியின் பெயர்ச்சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை எத்தனால் பட்டால் கரைந்து ஓடிவிடும். இருபது குப்பி இருந்து எது எங்கே எடுத்தது என்று தெரியாமல் போனால் அத்தனையும் குப்பைதான்.

குரங்கு எச்சத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. குரங்கும் மனிதனும் நெருங்கிய உறவு. குரங்குக்காகச் செய்த பல பிரைமர்கள் (எந்த டிஎன்ஏத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு இழைகள்) மனித டிஎன்ஏவையும் பெருக்கிவிடும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எடுத்த மாதிரியில் கடைசியில் எடுத்தவரின் டிஎன்ஏ வரிசையே வந்து நிற்கும்.

குட்டைத் துண்டு

ஒரு செல்லில் உட்கரு டிஎன்ஏ இரண்டு படி, அதாவது இரண்டு நகல்தான். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால்தான் சிதைந்த எச்சத்திலிருந்தும் அது கிடைக்கிறது. பாலூட்டிகளில் அது சுமார் 16,500 எழுத்து (டிஎன்ஏ இழையின் அலகு) நீளம். அதில் சைட்டோக்ரோம் பி மரபணு 1,140 எழுத்து. தசையிலிருந்து அதை முழுசாக வாசிக்கலாம். தோட்டத்து எச்சத்தில் 150 முதல் 200 எழுத்துத் துண்டைத்தான் நம்பலாம். பார்கோடு என்று சொல்லப்படும் சிஓ1 துண்டு 650 எழுத்துக்கு மேல். தசைக்குச் சரி, பழைய எச்சத்தில் பாதிக்குப் பாதி தோற்றுவிடும் என்று எதிர்பார்த்தே இறங்கவேண்டும். 16எஸ் மரபணுவில் சுமார் 90 எழுத்துத் துண்டு ஒன்று உண்டு. அது எதிலிருந்தும் வரும், ஆனால் நெருங்கிய உறவுள்ள இரண்டு லோத்தோங்கைப் பிரித்துக்காட்டும் அளவுக்கு அதில் வேறுபாடு இருக்காது.

செலவு ஒரு மாதிரிக்குச் சில பத்து வெள்ளி. பிரித்தெடுப்பு, பிசிஆர் (துண்டைப் பெருக்குவது), வரிசை வாசிப்பு எல்லாம் ஒரு வாரத்தில் முடியும். இலை தின்னும் விலங்கின் எச்சத்தில் டானின் போன்றவை பிசிஆரை அடக்கும். பெருகிய டிஎன்ஏவைக் காட்டும் பட்டை தெரியவில்லை என்றால் டிஎன்ஏ இல்லை என்று முடிவு கட்டாமல், கரைசலைப் பத்துமடங்கு நீர்க்கச் செய்து, பிஎஸ்ஏ புரதம் சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தொகுதியோடும் மாதிரியே போடாத வெற்றுக்குப்பி ஒன்றையும் கூடவே ஓட்டச் சொல்லுங்கள். வெற்றுக்குப்பியில் பட்டை வந்தால் அந்தத் தொகுதி முழுவதும் செல்லாது.

பூனைக் குடும்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க வரும் சிறுத்தைப்பூனை, அருகிவரும் தட்டைத்தலைப் பூனை, லயத்து வீட்டுப்பூனை, மூன்றின் எச்சத்தையும் பிரித்தறிய இந்த முறையைத்தான் நாடுவோம். ஆனால் வீட்டுப்பூனையின் உட்கருவுக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் சுமார் 7,900 எழுத்துப் பகுதி என்றோ நுழைந்து, வரிசையாகப் படியெடுத்துக் கிடக்கிறது. 1994இல் கண்டறிந்தது இது. புலியிலும் அப்படிப்பட்ட போலிப்படிகள் உண்டு. வரிசைப் படத்தில் ஒரே இடத்தில் இரண்டு முகடு, ஒரு சிவப்பும் ஒரு நீலமும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கணினி அதில் உயரமானதை எடுத்துக்கொண்டு போய்விடும். இப்படிப் பிறந்த ‘புதிய வகை’களை நம்பி ஏமாறக்கூடாது. படத்தை அனுப்பச் சொல்லி நீங்களே பாருங்கள். வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்தால் நடுவில் நிறுத்தக் குறி வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். வந்தால் அது போலிப்படி.

தரவுத்தொகுப்போடு ஒப்பிடும்போது ‘98 விழுக்காடு பொருத்தம்’ என்று வந்தால் உடனே பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்தத் தொகுப்பில் இருப்பவற்றுள் நெருங்கியது அது, அவ்வளவுதான். நம் வட்டாரத்து விலங்கின் வரிசை தொகுப்பிலேயே இல்லையென்றால் பக்கத்து நாட்டு உறவினரின் பெயர்தான் வரும்.

இத்தனையையும் தாண்டினாலும் ஒரு குறை போகாது. மைட்டோகாண்ட்ரியா தாய் வழி மட்டும் வருவது. யானைகளிலும் கெராக்களிலும் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், ஆண்கள்தான் வெளியேறும். ஆண்கள் வாய்க்கால் தாண்டிப் போய் இரு பக்கத்தையும் இணைத்துக்கொண்டிருந்தாலும், தாய்வழி டிஎன்ஏவில் இரண்டும் சம்பந்தமே இல்லாதவைபோல் தெரியும். இந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு ‘தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு வகை, மேற்கே ஒரு வகை’ என்று எழுதுவது பிழை.

மைக்ரோசாட்டிலைட்

உட்கரு டிஎன்ஏவில் இரண்டு மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களின் நீளத்தை அளப்பது இது. தாயும் தந்தையும் தந்த இரண்டு படியும் தெரியும். இந்த எச்சமும் அந்த எச்சமும் ஒரே யானையினுடையதா, எத்தனை யானை நடமாடுகிறது, யார் யாருக்கு உறவு என்ற கேள்விகளுக்கு இதைவிடக் கைகொடுப்பது அரிது. காஹாங் பக்கம் யானை செம்பனைக் குருத்தைத் தின்றுவிட்டுப் போனால், லத்தியை வைத்துத் தலையெண்ண இதுவே சரியான வழி.

10 முதல் 20 இடங்கள் வேண்டும். எச்சத்தில் உட்கரு டிஎன்ஏ குறைவாதலால் இரண்டு படியில் ஒன்று பெருகாமல் விட்டுப்போகும். கலப்புப் படி உள்ள விலங்கு ஒற்றைப் படி உள்ளதாகத் தோன்றும். அதனால் ஒவ்வொரு இடத்தையும் பலமுறை ஓட்டவேண்டும். இரண்டு படியும் தலா இரண்டு முறையாவது வந்தால் கலப்பு, ஒரே படி மூன்று முறையாவது வந்தால் ஒற்றை என்று கொள்வது வழக்கம். செலவு கூடுவது இங்கேதான். இரண்டு ஆய்வுக்கூடங்களின் அளவுகளை அப்படியே சேர்க்கவும் முடியாது. இயந்திரத்துக்கு இயந்திரம் நீளம் ஓரிரு எழுத்து தள்ளிப் போகும். பொதுவான மாதிரிகள் சிலவற்றை இரண்டு இடத்திலும் ஓட்டிச் சரிசெய்யவேண்டும்.

வகைப்படுத்த இதைப் பயன்படுத்தினால்தான் வெட்டைக் கிளையென்று படிக்கும் ஆபத்து மிக அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். துண்டாகிப்போன காட்டில் இனப்பெருக்கத்தில் பங்கெடுப்பவை 10 விலங்கு என்றால், மரபு வேறுபாடு தலைமுறைக்கு 20இல் ஒரு பங்கு, அதாவது 5 விழுக்காடு குறையும். பத்துத் தலைமுறையில் சுமார் 40 விழுக்காடு போய்விடும். எந்தப் படி தங்கும், எது போகும் என்பது தற்செயல். சாலைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் வேறு படிகள் தங்கியிருக்கும். நூறாண்டுக்கு முன் ஒரே கூட்டமாக இருந்தவை இன்று இரண்டு தனித்தனித் திரளாகப் படத்தில் பிரிந்து நிற்கும். நிறம் நிறமாகப் பிரித்துக்காட்டும் அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ‘இரண்டு வகை’ என்றுதான் சொல்லத் தோன்றும். நாம் போட்ட வெட்டின் தழும்பு அது.

மாதிரி எடுத்த இடங்களும் ஏமாற்றும். எண்டாவ் பக்கம் பத்து, கோத்தா திங்கி பக்கம் பத்து எடுத்து, நடுவில் ஒன்றும் எடுக்காமல் விட்டால், தூரத்தோடு மெல்ல மெல்ல மாறும் ஒரே கூட்டமும் இரண்டாகத்தான் தெரியும். நடுவில் எடுக்கமுடியாமல் போனால் அந்தப் படத்தை வைத்து முடிவு சொல்லாமலிருப்பதே மேல்.

ராட் வரிசை

வெட்டு நொதியால் டிஎன்ஏவை நறுக்கி, வெட்டுமிடங்களின் ஓரத்தை மட்டும் வாசித்து ஆயிரக்கணக்கான ஒற்றையெழுத்து வேறுபாடுகளைத் திரட்டுவது. செலவும் பலனும் நடுத்தரம். ஆனால் சிதையாத நீளமான டிஎன்ஏ வேண்டும்; எச்சத்தை வைத்து இதற்குப் போகவேண்டாம். சாலையில் அடிபட்ட விலங்கின் காதுத் துண்டு, சிகிச்சைக்குப் பிடித்த விலங்கின் இரத்தம் இருந்தால் பார்க்கலாம். தூரத்து உறவினங்களை ஒப்பிடும்போது வெட்டுமிடங்களே மாறிப்போய்த் தரவில் ஓட்டை விழும் என்பதையும் மனதில் வைக்கவேண்டும்.

முழுத் தொகை

நம் செனெக்காவுக்கு விடை கிடைத்தது இந்த வழியில்தான். செனெக்காவும் அடங்கிய பட்டை லோத்தோங்கை நெடுங்காலம் ஒரே இனமாகவும், ரோமத்தின் நிறத்தை வைத்து மூன்று துணையினமாகவும் எழுதிவந்தார்கள். பிடிக்கவும் முடியாது, சுடவும் கூடாது; இரத்த மாதிரி எங்கிருந்து வரும்? 2020இல் வெளியான ஆய்வு எச்சத்திலிருந்தே டிஎன்ஏவைப் பிரித்து, குறிப்பிட்ட துண்டை மட்டும் பெருக்காமல், இருந்ததையெல்லாம் சகட்டுமேனிக்கு வாசித்தது. பெரும்பகுதி பாக்டீரியாதான். ஆனால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுவதும் தேறியது. இனங்களைப் பிரித்துப் பார்க்கும் பல கணக்குமுறைகள் அதை ஆதரித்தன. ஜொகூர்-சிங்கப்பூர்க் குரங்கு ஓர் இனம், கிழக்குச் சுமத்ராவினது ஓர் இனம், வடக்கிலிருக்கும் ராபின்சன் லோத்தோங் ஓர் இனம். முதல் இரண்டும் மிக அருகிவிட்ட இனங்கள் என்று அதன் பிறகே தெளிவானது. ஒரே இனமென்று சேர்த்துக் கணக்கிட்டபோது, வடக்கிலிருந்தவற்றின் எண்ணிக்கை தெற்கிலிருந்தவற்றின் நெருக்கடியை மறைத்துக்கொண்டிருந்தது. வகைப்பாடு இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

இந்த முறையிலும் எச்சத்திலிருந்து எதிர்பார்க்கக்கூடியதற்கு எல்லை உண்டு. புலியின் தொகை சுமார் 240 கோடி எழுத்து. அதைப் பத்துமுறை வாசிக்க 2,400 கோடி எழுத்து வேண்டும். எச்சத்தில் சொந்த டிஎன்ஏ நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், அந்த 2,400 கோடிக்காக 1,20,000 கோடி எழுத்து வாசிக்கவேண்டிவரும். அது கட்டுபடியாகாது. எச்சத்தில் மைட்டோகாண்ட்ரியா முழுவதும், உட்கருவில் சிதறிய வேறுபாடுகள் சிலவும் போதும் என்று இருந்துவிடவேண்டும்; செலவு மாதிரிக்குச் சில நூறு வெள்ளியில் அடங்கும். ஆழமாக வாசிக்கத் தசையோ இரத்தமோ வேண்டும், செலவும் ஆயிரங்களுக்குப் போகும்.

முழுத் தொகையை வாசித்தால் சர்ச்சை தீர்ந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். நம் நாட்டுச் சின்னமான ஜாதா நெகாராவில் நிற்கும் புலியையே பாருங்கள். 2004இல் 134 புலிகளின் மைட்டோகாண்ட்ரியா, 30 மைக்ரோசாட்டிலைட், ஒரு நோயெதிர்ப்பு மரபணு மூன்றையும் வைத்து மலாயாப் புலியைத் தனித் துணையினமாகப் பிரித்தார்கள். 2017இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் பூனை வல்லுநர் குழு, உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து, ஆசியப் பெருநிலத்துக்கு ஒன்று, சுந்தாத் தீவுகளுக்கு ஒன்று என்று இரண்டாகச் சுருக்கியது. 2018இல் 32 புலிகளின் முழுத் தொகை ஆய்வு மறுபடி ஆறு என்றது. மலாயாப் புலி அதில் தனியாக நிற்கிறது. எவ்வளவு வேறுபட்டால் துணையினம் என்ற எல்லைக்கோட்டை மனிதர்தான் போடுகிறோம். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் 150க்கும் குறைந்த புலிகளே மிஞ்சியிருப்பது தெரிந்தது. நாளை வெளியிலிருந்து புலி கொண்டுவந்து சேர்க்கலாமா என்று கேட்டால், பதில் அந்தக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வரும்.

சுமத்ரா காண்டாமிருகத்துக்கும் இதே கேள்வி எழுந்தது. போர்னியோவினதையும் சுமத்ராவினதையும் ஒன்றாகக் கருதி இணைசேர்க்கலாமா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2019 மே மாதம் சபாவில் ‘தாம்’ என்ற ஆண் காண்டாமிருகம் இறந்தது. நவம்பரில் ‘ஈமான்’ என்ற பெண் இறந்தது. அதோடு மலேசியாவில் அந்த இனம் இல்லை. வகைப்பாடு துல்லியமாக இருக்கவேண்டும் என்று நாங்களும் வற்புறுத்துகிறோம். ஆனால் இருபது விலங்குகூட மிஞ்சாத நிலையில், அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பது அந்த விலங்கின் காலத்தைத் தின்பது.

இருபது குப்பியும் அளவான பணமும் இருந்தால்

இருபதிலும் முதலில் சைட்டோக்ரோம் பி குட்டைத் துண்டை ஓட்டுங்கள். எது கெரா, எது லோத்தோங், எது வீட்டுநாய் என்று அதிலேயே பிரிந்துவிடும். பாதிக்குமேல் கழிந்தாலும் வியப்பில்லை. தேறியவற்றில் டிஎன்ஏ நன்றாக இருக்கும் மூன்று நான்கை, ஒரே மரத்தடியில் எடுத்தவையாக இல்லாமல் வெவ்வேறு கூட்டத்தினவாகப் பார்த்து, முழுத் தொகைக்கு அனுப்புங்கள். சந்தேகமான இனத்தின் பெயரை நிலைநாட்ட அருங்காட்சியகப் பழைய தோலோடு ஒப்பிட வேண்டிவரும். சிங்கப்பூரின் லீ கோங் சியான் அருங்காட்சியகத்தில் மலாயாவின் பழைய மாதிரிகள் இருக்கின்றன. மைக்ரோசாட்டிலைட்டைத் தலையெண்ணும் வேலைக்கு மட்டும் ஒதுக்குங்கள். ராட் முறையைத் தசையும் இரத்தமும் போதுமான அளவு சேரும்வரை தள்ளிவையுங்கள்.

குச்சியை எடுப்பதற்கு முன்பே அனுமதி வேண்டும். தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் எழுதிக் கேளுங்கள். காட்டுக்குள் போவதானால் மாநில வனத்துறையிடமும் கேட்கவேண்டும். 2017ஆம் ஆண்டு உயிரியல் வளச் சட்டம் டிஎன்ஏ ஆய்வுக்கும் பொருந்தும். முடியோ தசையோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டுமானால் அரிய உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் அனுமதியும் சேரும்; அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். வனவிலங்குக் குற்ற வழக்குகளுக்காகப் பெர்ஹிலித்தானிடமே தடயவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பொறியில் சிக்கிய விலங்கோ வெட்டிய இறைச்சியோ கண்ணில் பட்டால் நீங்கள் மாதிரி எடுக்கவேண்டாம், அவர்களைக் கூப்பிடுங்கள். நீங்கள் தொட்ட மாதிரி நீதிமன்றத்தில் நிற்காது.

ஒவ்வொரு குப்பியையும் எடுத்த அன்றைக்கே இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு. மற்றதைச் சிலிக்காவோடு இறுக மூடி, இடம், நாள், எடுத்தவர் பெயர் பென்சிலால் எழுதி, உறைபெட்டியில் வையுங்கள். அந்த மரத்தடியில் அந்தக் குரங்கு இன்னும் பத்தாண்டு கழித்து இருக்குமா என்று சொல்லமுடியாது. அப்போது வரும் முறைக்கு இந்தப் பாதிக்குப்பி வேண்டியிருக்கும்.